வாசகர் கேள்வி–பதில்: பழைய சாகசம், புது அச்சு

கேள்வி: 1980களில் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கதை விளையாட்டு) சாகசப் புத்தகங்களை, ஆர்டர் கொடுத்தபின் அச்சடித்துத் தரும் மறுபதிப்பாக வாங்கலாமா? நாங்கள் ஆடுவது அதன் விதிகளின் ஐந்தாம் பதிப்பு.

பதில்: ஆடுவதற்கென்றால் தாராளமாக வாங்கலாம், சேகரிப்புக்கென்றால் யோசியுங்கள். மூலப் பதிப்புகள் பலவற்றில் அட்டை தனியாகக் கழன்று வரும், உள்பக்கத்தில் நீல நிற வரைபடம் இருக்கும். ஆட்டத்தை நடத்துபவர் அதையே மறைப்பாக நிறுத்தி, வரைபடத்தைப் பார்த்தபடி புத்தகத்தைப் புரட்டுவார். மறுபதிப்பில் அந்த வரைபடம் சாதாரணப் பக்கமாகிவிடும்; இரண்டு பக்கத்தில் விரியும் படமென்றால் நடு மடிப்பு ஓரிரு அறைகளை விழுங்கிவிடும். அதனால் பிடிஎஃப்பையும் சேர்த்தே வாங்கி, வரைபடங்களை மட்டும் 100% அளவில் தனித்தாளில் அச்செடுங்கள். ‘பக்கத்துக்குப் பொருத்து’ வேண்டவே வேண்டாம், கட்டங்கள் சுருங்கும். ஸ்கேன் மங்கலா என்பது முன்னோட்டப் பக்கத்தைப் பெரிதாக்கினாலே தெரிந்துவிடும்.

கேள்வி: பழைய புத்தகத்தில் உள்ள எண்களை ஐந்தாம் பதிப்புக்கு எப்படி மாற்றுவது?

பதில்: பழைய விதியில் கவச எண் (ஒருவரைத் தாக்குவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லும் எண்) குறையக் குறையப் பாதுகாப்பு கூடும்; ஐந்தாம் பதிப்பில் நேர்மாறு. அந்தக் கால விதிகள் அட்வான்ஸ்டு, பேசிக் என இரண்டு வகை. அட்வான்ஸ்டு பதிப்பென்றால் 20இலிருந்து கழியுங்கள்: 4 என்பது 16 ஆகும். பேசிக் பதிப்புக்கு 19இலிருந்து. அரக்கர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. அதே பெயரில் ஐந்தாம் பதிப்பில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியது தலைக்கணக்கைத்தான். ஒரே அறையில் 12 கோப்ளின் (குட்டி அரக்கர்) இருந்தால் முதல் நிலை வீரர்கள் நால்வர் தேறமாட்டார்கள். அங்கே 3 போதும். மற்றவை பக்கத்து அறைகளில் தூங்கட்டும்.