துருக்கி மொழியின் எழுத்தும் ஒலியும் தமிழருக்குக் கடினமா?

துருக்கி மொழியின் எழுத்துகளும் உச்சரிப்பும் தமிழ் பேசுபவருக்குக் கடினமாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்துகள் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். ஒலிகளிலும் பெரும்பாலானவை எளியவையே. ஆனால் ஓர் உயிரொலி மட்டும் என்னைப் பல மாதங்கள் அலைக்கழித்தது. அது நம் வாயில் ஏற்கெனவே புழங்கும் ஒலி என்பது பிறகுதான் புரிந்தது.

அரபு எழுத்தில் எழுதப்பட்டு வந்த இம்மொழி, 1928 நவம்பர் 1 அன்று நிறைவேறிய சட்டத்தால் இலத்தீன் எழுத்துக்கு மாறியது. மொத்தம் 29 எழுத்துகள். அவற்றுள் 8 உயிர்கள். பழைய முறையில் உயிர்களைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட இயலாததால், 'ஆனது' என்பதற்கான சொல்லும் 'இறந்தான்' என்பதற்கான சொல்லும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. தமிழில் எழுதினாலும் இரண்டும் 'ஒல்து' என்றே வரும் என்பது வேறு விஷயம். இரண்டாவது சொல்லில் உள்ள உயிர்கள் நம்மிடம் இல்லாதவை: உதட்டைக் குவித்தபடி 'எ' என்று சொன்னால் ஒன்று வரும், அவ்வாறே 'இ' என்று சொன்னால் மற்றொன்று வரும்.

என்னை அலைக்கழித்தது புள்ளியில்லாத 'ஐ' (ı) எழுத்து. துருக்கியில் புள்ளியுள்ள 'ஐ' (i) வேறு, புள்ளியில்லாதது வேறு. பெரிய எழுத்திலும் இந்த வேறுபாடு உண்டு என்பதால், இஸ்தான்புல் என்ற பெயரின் முதலெழுத்துக்கும் மேலே புள்ளி வைக்கிறார்கள். அந்த நகரத்தின் சிறிய உணவகம் ஒன்றில் தொண்டைக்கட்டோடு அமர்ந்து, வெதுவெதுப்பான தண்ணீர் கேட்பதாக நினைத்து 'இலிக் சு' என்றேன். பரிமாறுபவர் சற்றுத் திகைத்து, எலும்பு சூப்பா வேண்டும் என்று கேட்டார். புள்ளியுள்ள எழுத்தோடு சொன்னால் 'இலிக்' என்பது எலும்பின் மஜ்ஜை. புள்ளியில்லாமல் சொன்னால்தான் வெதுவெதுப்பு.

அந்தப் புள்ளியில்லாத ஒலி ஏறக்குறைய நம் குற்றியலுகரமே. 'பாட்டு', 'நாடு' ஆகிய சொற்களின் இறுதியில் உதடு குவியாமல் ஒலிக்கும் உகரத்தைக் கவனித்துப் பாருங்கள். நமக்கு அது சொல்லின் கடைசியில் வருவது. சொல் முதலில் வரும் குற்றியலுகரத்துக்குத் தொல்காப்பியம் 'நுந்தை' (உன் தந்தை) என்ற ஒரு முறைப்பெயரோடு நின்றுவிடுகிறது. துருக்கியரோ அதைச் சொல்லின் முதலிலும் இடையிலும் தயங்காமல் வைக்கிறார்கள். ஆகவே இந்த எழுத்துக்காகப் புதிய ஒலி எதையும் கற்க வேண்டியதில்லை. 'பாட்டு' என்று சொல்லி, அந்தக் கடைசி உகரத்தைச் சற்று நீட்டி, அதிலிருந்தே அடுத்த சொல்லைத் தொடங்கிப் பழகினால் போதும்.

மெய்களில் பெரிய தொல்லை இல்லை. 'சி' (c) எழுத்து எப்போதும் 'ஜ' என்றே ஒலிக்கும். மசூதியை 'ஜாமி' என்பார்கள். தலையில் சிறு பிறைவளைவுள்ள 'ஜி' (ğ) எழுத்துக்குப் பெரும்பாலும் தனி ஒலியே கிடையாது. முந்தைய உயிரை நீட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நம் செய்தித்தாள்கள் 'எர்டோகன்' என்று அச்சிடும் பெயரை அங்கே 'எர்தோவான்' என்பதற்கு நெருக்கமாகச் சொல்வதற்கு இந்த எழுத்தே காரணம்.

உண்மையான உழைப்பு கோருவது உயிரிசைவு. நாம் எந்தச் சொல்லோடும் 'கள்' சேர்த்துவிடுவோம். அவர்களோ சொல்லின் கடைசி உயிர் நாவின் முன்பகுதியில் பிறக்கிறதா, பின்பகுதியில் பிறக்கிறதா என்று பார்த்தே விகுதியைத் தேர்கிறார்கள். 'எவ்' என்றால் வீடு, பன்மையில் 'எவ்லெர்'. 'அத்' என்றால் குதிரை, பன்மையில் 'அத்லர்'. அடுத்தடுத்து ஒட்டும் விகுதிகளும் அதே வழியில் மாறுவதால், 'எங்கள் வீடுகளில்' என்பது 'எவ்லெரிமிஸ்தெ' என்ற ஒரே சொல்லாகிறது. குதிரைகளுக்கு அதே விகுதிகள் 'அத்லரிமிஸ்த' என்று ஒலி மாறி வரும், அங்கே எழுதப்படும் இரண்டு இகரங்களும் புள்ளியில்லாதவை. இதற்கான அட்டவணைகளை மனப்பாடம் செய்து நான் கண்ட பயன் குறைவு. நாள்தோறும் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்தபோதுதான், தவறான விகுதி காதில் உறுத்தத் தொடங்கியது.