எம்-1 கணக்கும் மூன்றாம் செமஸ்டர் திணறலும்: கேள்வி-பதில்

டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) இரண்டாம் ஆண்டு சேர்ந்தேன். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் வகுப்பில் முதல் வரியே புரியவில்லை, சார். முதலாம் ஆண்டுக் கணக்குத் தாள்களான எம்-1, எம்-2 முழுவதையும் படித்துவிட்டு வர வேண்டுமா?

வேண்டாம், அதற்குள் செமஸ்டரே முடிந்துவிடும். உங்களுக்குக் கணக்கு தெரியாது என்றும் நான் நினைக்கவில்லை. பாலிடெக்னிக் முதலாம் ஆண்டில் படித்தீர்கள், பிறகு இரண்டு ஆண்டுகள் அதைத் தொடவில்லை. இந்தப் பாடத்துக்கு அன்றாடம் வேண்டியவை நான்கு: கலப்பெண்கள், பகுதித் தொகையிடல், பகுதிப் பின்னம், பெருக்குத் தொடர்.

கடைசியில் சொன்னதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 1 + 1/2 + 1/4 என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் 2 வரும். பாதியாக்குவதற்குப் பதில் இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் கூட்டுத்தொகைக்கு எல்லையே இருக்காது. சிக்னலை ஒரு தொடராக எழுதும் இசட் டிரான்ஸ்ஃபார்மில் ஆர்.ஓ.சி. (ரீஜன் ஆஃப் கன்வர்ஜென்ஸ்) என்று வட்டம் போட்டு நிழலிடுகிறார்களே, அது இந்த நிபந்தனைதான்: தொடர் எங்கே ஓர் எண்ணில் போய் நிற்கிறது? இது பிடிபடாதவர் அந்தப் படத்தை மனப்பாடம் செய்து அவதிப்படுகிறார்.

தினம் அரை மணி நேரம், மூன்று வாரம், இந்த நான்கை மட்டும் போட்டுப் பாருங்கள். டிப்ளமோ லேபில் சி.ஆர்.ஓ. என்ற அலைகாட்டியில் அலையைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பிளஸ் 2 முடித்து வந்த பலருக்கு அந்த அனுபவம் கிடையாது.

எம்-1 அரியர் இருக்கிறது. பிறகு எழுதிக்கொள்ளலாமா?

எந்த யூனிட்டில் கோட்டைவிட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. மேட்ரிக்ஸ் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். கன்ட்ரோல் சிஸ்டம்ஸில் ஸ்டேட் ஸ்பேஸ் என்ற மேட்ரிக்ஸ் முறை வரும்போதுதான் மேட்ரிக்ஸின் ஐகன் மதிப்பு தேவைப்படும். தொகையீடு என்றால் இந்த வாரமே உட்காருங்கள்.

என் மகள் எம்-1இல் ‘ஓ’ கிரேடு வாங்கியவள். இப்போது இன்டர்னலில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. அலட்சியமா?

தயவுசெய்து திட்டாதீர்கள். எம்-1 தேர்வில் ‘பகுதிப் பின்னமாக்குக’ என்று கேள்வியே வழி சொல்லிவிடும். பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பழகினால் போதும். சிக்னல்ஸ் பாடத்தில் வரும் லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் கணக்கின் நடுவில் எப்போது பிரிப்பது என்று யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு படியையும் ஏன் போடுகிறாள் என்று தோழியிடம் வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் பங்குண்டு. கணக்குத் துறை எதுவரை நடத்தியது என்று நாங்கள் போய்க் கேட்பதே அபூர்வம். இப்போது முதல் வகுப்பிலேயே 20 நிமிடத் தேர்வு வைக்கிறேன், மதிப்பெண் பதிவதில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று அன்றே தெரிந்துவிடுகிறது.

பி.காம். முடித்து எம்.சி.ஏ. சேர்கிறேன். அடிப்படைகளைச் சொல்லித்தரும் பிரிட்ஜ் கோர்ஸ் வெறும் சம்பிரதாயமா?

அப்படி எண்ணி விட்டுவிடாதீர்கள். மூன்றாண்டாக இருந்த எம்.சி.ஏ. இப்போது இரண்டே ஆண்டு, பிறகு பிடித்துக்கொள்ள நேரம் இருக்காது. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸை சி மொழியில் நடத்தினால், அதற்குள் லூப்பும், நினைவக முகவரியைக் குறித்துவைக்கும் பாயின்டரும் கைவந்திருக்க வேண்டும். அதில் வரும் லிங்க்டு லிஸ்ட், அதாவது ஒன்றோடொன்று கோத்த பட்டியல், முழுக்கப் பாயின்டர்தான்.