தூர்ந்த கிணறும் தெருச் சங்கமும்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் நிர்வாகக் குழு இருந்தும் பொதுக்கிணறு தூர்ந்தே கிடக்கிறது. தனிக் குழு அமைத்தால் பயனுண்டா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை, கேரளம்

பதில்: நிச்சயம் உண்டு. நிர்வாகக் குழு வரவுசெலவைப் பார்த்துக்கொள்ளட்டும்; கிணற்றருகே குடியிருக்கும் நால்வரிடம், பெண்கள் உட்பட, தூர்வாரும் பொறுப்பையும் செலவு வரம்பையும் பொதுக்குழுத் தீர்மானமாக எழுதி ஒப்படையுங்கள், ஏனெனில் இடிந்த கைப்பிடிச் சுவரையும் துருவேறிய உருளையையும் நாள்தோறும் காண்பவர்களுக்கே அந்த வேலையின் அவசரம் தெரியும். சங்கம் பதிவாகவில்லையென்றால், உங்கள் ஊர் பழைய கொச்சி சமஸ்தானப் பகுதி என்பதால், 1955ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சிச் சங்கச் சட்டப்படி 7 பேர் சேர்ந்து பதியலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூடவேண்டிய கிராம சபையில் கோரிக்கையைத் தமிழிலேயே கொடுங்கள். நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைகளை முறையிடும் உரிமையை அரசமைப்பின் 350ஆம் பிரிவு தருகிறது.