பழைய சுவிட்சை நானே மாற்றலாமா? ஒயர்மேனிடம் சில கேள்விகள்

கோபியிலிருந்து: அப்பா கட்டிய வீடு. மரப்பெட்டி, கருப்புக் குமிழ் சுவிட்சு. நானே மாற்றினால் சட்டப்படி தப்புங்களா அண்ணா?

தப்பில்லை தம்பி. உரிமம் உள்ளவர்தான் ஒயரிங் செய்ய வேண்டும் என்ற 1956ஆம் வருஷத்து மின் விதியே பல்பு, பேன், பியூஸ், சுவிட்சு மாற்றுவதற்கு விலக்கு கொடுத்திருந்தது. லைனின் திறன் மாறக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் கடைக்காரர் பேச்சைக் கேட்டு மாடுலர், அதாவது தனிச் சட்டத்தில் செருகும் புது வகை சுவிட்சு, வாங்கிவிடாதீர்கள். அதற்குப் புதுப் பெட்டி வேண்டும், சுவரைக் கொத்த வேண்டும். பியானோ கட்டை மாதிரி அழுத்தும் பியானோ சுவிட்சு என்றால் பழைய பெட்டி மேலேயே சுவிட்சு மாட்டும் பலகையாக புது ஹைலம் ஷீட் வெட்டிப் போட்டுவிடலாம்.

காங்கேயம்: மெயினை நிறுத்தியும் ஒரு சுவிட்சில் டெஸ்டர் எரிகிறது. டெஸ்டர் கோளாறா?

டெஸ்டரைத் திட்டாதீர்கள், உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? மெயினை இறக்கினால் அதற்கு கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். உடனே பேட்டரியிலிருந்து லைட்டு, பேன் லைனுக்கு அனுப்ப ஆரம்பித்துவிடும். அதுவும் அதே 230 வோல்ட்தான்.

சென்னிமலைப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் எனக்கே ஆனது. மெயினை இறக்கிவிட்டு நிம்மதியாகக் கழற்றினேன். மூன்றாவது ஸ்க்ரூவில் கை வெடுக்கென்று உதறியது. மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்காரம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அதையும் அணைத்துவிட்டுத்தான் ஸ்க்ரூவில் கை வைப்பேன். மெயினை இறக்கும் முன் டெஸ்டரை நல்ல பிளக்கில் வைத்து, எரிகிறதா என்றும் பார்த்துக்கொள்வேன்.

பொள்ளாச்சி: அணைத்த பிறகும் எல்இடி பல்பு ராத்திரியில் மங்கலாக மினுங்குகிறதுங்க.

சுவிட்சில் சின்னச் சிவப்பு லைட்டு இருந்தால் அதன் வேலையாக இருக்கலாம். இல்லையென்றால், பேஸுக்கு (கரண்ட் வரும் ஒயர்) பதில் நியூட்ரல் (கரண்ட் திரும்பும் ஒயர்) சுவிட்சு வழியாகப் போகிறதா என்று பாருங்கள் அம்மணி. அப்படியிருந்தால் அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். பல்பு மாற்றக் கை வைத்தால் அடிக்கும். பழைய வீட்டில் ஒயர் நிறத்தை நம்பவே கூடாது. சிவப்பு தீர்ந்தால் கருப்பைப் போட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு.

பல்லடம்: இண்டக்‌ஷன் அடுப்பு போட்டு 6 ஆம்ப் பிளக் சூட்டில் பழுத்துவிட்டது. 16 ஆம்ப் மாட்டிவிடட்டுமா?

வேண்டாம். 2000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கும். பிளக்கை மட்டும் பெரிதாக்கினால் சூடு சுவருக்குள் இருக்கும் மெல்லிய ஒயருக்குப் போகும், அங்கே கருகுவது கண்ணுக்குத் தெரியாது. மெயின் போர்டிலிருந்து தனியாக 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் இழுக்க வேண்டும். மேலே சொன்ன திறன் மாறும் வேலை இதுதான், ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.

நாமக்கல்: பிளக்கில் எந்த ஒயர் எந்தப் பக்கம்?

நேராகப் பார்த்தால் வலது பேஸ், இடது நியூட்ரல், மேலே பெரிய ஓட்டை எர்த். கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எர்த் ஒயரே இல்லையென்றால் நியூட்ரலிலிருந்து துண்டு ஒயர் போட்டு ஒட்டு வேலை செய்யாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கிரைண்டர் பாடியே அடிக்கும்.

சோமனூர்: அப்படியே தறி ஷெட் சுவிட்சையும்...

அது மூணு பேஸுங்க. தொடாதீங்க.