ராஸ் பெரோவின் மூன்றாவது கட்சி: வளர்ந்த கதையும் உடைந்த கதையும் (கேள்வி பதில்)

அமெரிக்காவின் சீர்திருத்தக் கட்சியைப் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். டெக்சாஸ் கோடீஸ்வரர் ராஸ் பெரோ 1992-இல் சுயேச்சையாக அதிபர் தேர்தலில் நின்றார், 1995-இல் கட்சி ஆரம்பித்தார், 2000-இல் அந்தக் கட்சி உடைந்தது. நான் பல காலமாக விடாமல் படித்துவரும் விஷயம் இது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், அரசியலிலேயே இல்லாத ஒருவருக்கு எப்படி அவ்வளவு ஆதரவு வந்தது?

பெரோ 1962-இல் எலக்ட்ரானிக் டேட்டா சிஸ்டம்ஸ் என்ற கணினிச் சேவை நிறுவனத்தைத் தொடங்கி, 1984-இல் அதை ஜெனரல் மோட்டார்ஸுக்கு 250 கோடி டாலருக்கு விற்றவர். ஊழியர்களோடு ராணுவக் கண்டிப்புடன் வேலை செய்தவர் என்று பெயர்.

ஆனால் 1992-இல் அவரைத் தூக்கிவிட்டது அவருடைய பணம் மட்டும் இல்லை. பொருளாதார மந்தத்தில் வேலை போனவர்கள் ஏராளம். புது வரி போட மாட்டேன் என்று சத்தியம் செய்து ஜெயித்த அதிபர், குடியரசுக் கட்சியின் மூத்த ஜார்ஜ் புஷ், 1990-இல் வரியை உயர்த்தியிருந்தார். மத்திய அரசின் பட்ஜெட் பற்றாக்குறை 1992-இல் 29,000 கோடி டாலர். இரண்டு கட்சிகளும் அதைப் பற்றி மேலோட்டமாகவே பேசின. பிப்ரவரி 20 அன்று லாரி கிங்கின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பெரோ சொன்னார்: 50 மாநிலங்களிலும் மக்களே கையெழுத்துத் திரட்டி என் பெயரை வாக்குச்சீட்டில் ஏற்றினால் நிற்கிறேன். அடுத்த சில வாரங்களில் அவருடைய தொலைபேசி எண்ணுக்கு அழைப்புகள் கொட்டின. ஜூன் மாதம் காலப் கருத்துக்கணிப்பில் பெரோ 39 சதவீதம், புஷ் 31, ஜனநாயகக் கட்சியின் கிளிண்டன் 25. மூன்றாவது ஆள் ஒருவர் இரண்டு கட்சிகளையும் முந்தி நின்றார்!

அக்டோபரில் காசு கொடுத்து டிவியில் அரைமணி நேரம் வாங்கினார். கையில் ஒரு குச்சி, பக்கத்தில் வரைபட அட்டைகள், கடன் எப்படி ஏறியது என்ற விளக்கம். முதல் நிகழ்ச்சியை சுமார் 1.6 கோடி பேர் பார்த்தார்கள். பட்ஜெட் கணக்கைப் பொறுமையாகச் சொன்னால் சாதாரண ஜனங்கள் உட்கார்ந்து கேட்பார்கள் என்று காட்டியதை, அவர் செய்த பெரிய காரியங்களில் ஒன்றாகவே நினைக்கிறேன்.

கேள்வி: ஐயா, கிட்டத்தட்ட இரண்டு கோடி ஓட்டு வாங்கியும் தேர்வாளர் குழுவில் ஒரு வாக்குகூட இல்லையே, ஏன்?

அமெரிக்காவில் அதிபரைத் தேர்ந்தெடுப்பது மாநிலவாரியாக அமையும் 538 பேர் கொண்ட தேர்வாளர் குழு. ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் முதலிடம் பிடித்தவருக்கே அந்த மாநிலத்தின் மொத்த வாக்குகளும் போகும். பெரோவுக்கு நாடு முழுக்க 18.9 சதவீதம் கிடைத்தது. ஆனால் அது எல்லா இடத்திலும் பரவிக் கிடந்தது. மெய்ன் மாநிலத்தில் புஷ்ஷையே தாண்டி இரண்டாம் இடம். யூட்டாவில் கிளிண்டனைத் தாண்டி இரண்டாம் இடம். முதலிடம் எங்கேயும் இல்லை.

1968-இல் ஜார்ஜ் வாலஸ் வாங்கியது 13.5 சதவீதம்தான். ஆனால் இனப்பாகுபாட்டு அரசியலால் தென்மாநிலங்களில் குவிந்த ஓட்டு அது. 46 தேர்வாளர் வாக்குகள் கிடைத்தன. ஒரு வட்டாரத்தின் கோபத்தைத் திரட்டியவருக்கு அந்த அமைப்பு இடம் தந்தது, நாடு முழுவதற்கும் பேசியவருக்குத் தரவில்லை. இந்த அநியாயம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

கேள்வி: அண்ணா, முன்னணியில் இருந்த ஆள் ஜூலையில் ஏன் விலகினார்?

ஜூலை 16, ஜனநாயகக் கட்சி மாநாட்டின் கடைசி நாள். ஜனநாயகக் கட்சி புத்துயிர் பெற்றுவிட்டது, தான் நின்றால் தேர்வாளர் குழுவில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் முடிவு நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குப் போய்விடும் என்று சொன்னார். அக்டோபர் கடைசியில் வேறு காரணம் சொன்னார்: மகள் கல்யாணத்தைக் குலைக்கக் குடியரசுக் கட்சிக்காரர்கள் சதி செய்தார்களாம். அதற்கு அவர் ஆதாரம் எதுவும் காட்டவில்லை. இதற்கிடையே, அவர் விலகிய பிறகும் தொண்டர்கள் நிற்கவில்லை. செப்டம்பருக்குள் 50 மாநிலங்களிலும் அவர் பெயரை ஏற்றிவிட்டார்கள். அக்டோபர் 1 அன்று திரும்ப வந்தார்.

அந்தத் தொண்டர்களை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது. தலைவர் கைவிட்டுப் போன வெயில்காலத்தில் கடை வாசல்களில் நின்று கையெழுத்து வாங்கியவர்கள். பின்னாளில் கட்சி அவர்களை நடத்திய விதம்தான் அதன் வீழ்ச்சிக்கு விதை. அதைக் கீழே சொல்கிறேன்.

கேள்வி: துணை அதிபர் வேட்பாளர் ஸ்டாக்டேல் விவாதத்தில் உளறினார் என்று படித்தேன். உண்மையா?

அவரை அப்படிச் சொல்லாதீர்கள். ஜேம்ஸ் ஸ்டாக்டேல் கடற்படை அதிகாரி. வியட்நாமில் விமானம் சுடப்பட்டு, ஹனோய் சிறையில் ஏழு வருடங்களுக்கு மேல் சித்திரவதை பட்டவர், நாட்டின் உயரிய வீரப் பதக்கம் பெற்றவர். பல மாநிலங்களில் மனு கொடுக்கத் துணை வேட்பாளர் பெயர் கட்டாயம் என்பதால் நண்பர் பெரோவுக்காக ஒப்புக்குப் பெயர் கொடுத்தார். வேறு ஆளைப் போடாமலே பெரோ திரும்ப வந்துவிட்டதால் அக்டோபர் 13 அன்று அட்லான்டா மேடையில் போய் நின்றார். ஏறத்தாழ ஒரு வாரத் தயாரிப்புதான். “நான் யார்? இங்கே ஏன் வந்திருக்கிறேன்?” என்று தொடங்கினார். தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் கேள்வி அது. நாடு சிரித்தது. ஒரு கட்டத்தில் காது கேட்கும் கருவியைப் போடாமல் இருந்ததால் கேள்வியைத் திரும்பக் கேட்டார், அதற்கும் சிரித்தார்கள். இந்தத் தப்பு முழுக்க பெரோவுடையது. கட்சி அமைப்பு என்று ஒன்று இருந்திருந்தால் அந்த மனிதரை அப்படி மேடையில் ஏற்றிவிட்டிருக்க மாட்டார்கள்.

கேள்வி: பெரோ நிற்காமல் இருந்தால் புஷ் ஜெயித்திருப்பார், சரிதானே?

இல்லை. வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பில் பெரோ வாக்காளர்களின் இரண்டாவது விருப்பம் புஷ்ஷுக்கும் கிளிண்டனுக்கும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்தது. பெரோ களத்தில் இல்லாத ஆகஸ்ட், செப்டம்பரிலும் கிளிண்டன்தான் முன்னிலை. கடைசி வித்தியாசம் 58 லட்சம் ஓட்டு. தோற்ற கட்சிக்கு இந்தக் கதை ஆறுதலாக இருந்தது, அதனால் நிலைத்துவிட்டது.

கேள்வி: 1992-இலேயே கட்சி தொடங்காமல் 1995 வரை ஏன் காத்திருந்தார்? 1996-இல் என்ன ஆனது?

அவருக்குக் கட்சி என்பதிலேயே நம்பிக்கை இல்லை. முதலில் ஒரு குடிமக்கள் இயக்கமாக வைத்திருந்தார். 1993-இல் மெக்சிகோ, கனடாவோடு செய்த நாஃப்டா வர்த்தக ஒப்பந்தத்தை எதிர்த்துப் போராடினார். நவம்பர் 9 அன்று துணை அதிபர் அல் கோரோடு நேரடி விவாதத்தில் கோபப்பட்டுச் சறுக்கினார். எட்டு நாள் கழித்து ஒப்பந்தம் 234-க்கு 200 என்று பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. அப்புறம்தான், 1995 செப்டம்பரில், கட்சி அறிவிப்பு. கலிஃபோர்னியாவில் மட்டும் சில வாரங்களுக்குள் சுமார் 89,000 பேரை உறுப்பினராகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. செய்து காட்டினார்கள்.

1996-இல் கொலராடோவின் முன்னாள் ஆளுநர் ரிச்சர்ட் லாம் வேட்பாளராக முன்வந்தார். கட்சி ஒரு ஆளின் சொத்து இல்லை என்று நிரூபிக்கக் கிடைத்த பொன்னான வாய்ப்பு. உடனேயே பெரோவும் தான் தயார் என்று அறிவித்தார். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்குள் நடந்த வாக்கெடுப்பில், வாக்குச்சீட்டு வரவே இல்லை என்று லாம் ஆதரவாளர்கள் பலர் புகார் சொன்னார்கள். பெரோ சுமார் 65 சதவீதத்தோடு ஜெயித்தார். மனம் கசந்த ஒரு பிரிவு அடுத்த வருடம் தனிக்கட்சி கண்டது. நவம்பர் தேர்தலில் பெரோவுக்கு 8.4 சதவீதம். வெற்றி வாய்ப்பு இல்லை என்று சொல்லி, அதிபர் வேட்பாளர் விவாதங்களை நடத்தும் குழு அவரை மேடையில் ஏற்றவில்லை. 2000-க்கு அந்தக் குழு ஒரு விதியையே கொண்டுவந்தது: கருத்துக்கணிப்புகளில் 15 சதவீதம் இருந்தால்தான் விவாதத்தில் இடம்.

கேள்வி: பெரிய கட்சி ஒன்றோடு கூட்டணி வைத்துக்கொண்டால் தீராதா?

19-ஆம் நூற்றாண்டில் இருந்த வழி அது. ஒரே வேட்பாளரின் பெயர் இரண்டு கட்சிகளின் கீழும் வாக்குச்சீட்டில் வரும், ஓட்டு கூட்டப்படும். பெரும்பாலான மாநிலங்கள் பிறகு அதைத் தடை செய்துவிட்டன. நியூயார்க் போன்ற சில இடங்களில் மட்டும் மிச்சம். 1997-இல் மின்னசோட்டா வழக்கு ஒன்றில், தடை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று தீர்ப்பளித்தது. சிறு கட்சி தன் பலத்தைக் காட்டிப் பேரம் பேசும் வழியை அது அடைத்துவிட்டது.

கேள்வி: நான் மினியாபோலிஸில் வேலை செய்கிறேன். ஆபீஸில் மூத்தவர்கள் ஜெசி வென்டுராவைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். மல்யுத்த வீரர் எப்படி ஆளுநர் ஆனார்?

உங்கள் மின்னசோட்டா மாநிலத்தின் சட்டங்கள் அவருக்குக் கைகொடுத்தன. தேர்தல் அன்றே வாக்காளராகப் பதிவு செய்யலாம். அதனால் கடைசி நேரத்தில் மனம் வைத்த இளைஞர்கள் கூட்டமாக வந்தார்கள். மாநில அரசே பிரசாரத்துக்கு நிதி தரும். விவாதங்களில் மூன்று பேரையும் சேர்த்தே மேடை ஏற்றினார்கள். ஏற்கெனவே புரூக்ளின் பார்க் நகர மேயராக இருந்ததால் நிர்வாகம் தெரியாதவரும் இல்லை. 1998 நவம்பரில் 37 சதவீதம் வாங்கி, குடியரசுக் கட்சியின் நார்ம் கோல்மன், ஜனநாயகக் கட்சியின் ஹம்ப்ரி இருவரையும் வீழ்த்தினார். சீர்திருத்தக் கட்சி பெற்ற ஆகப் பெரிய வெற்றி அதுதான். பெரோவின் பணம் இல்லாமல் வந்த வெற்றி என்பதுதான் என்னைக் கவர்ந்தது. அந்த மாநிலக் கிளையை முன்மாதிரியாக வைத்துக் கட்சியைக் கட்டியிருக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் இரண்டே வருடத்தில் எப்படி உடைந்தது? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

1996-இல் 5 சதவீதத்தைத் தாண்டியதால், 2000 தேர்தலுக்கு அந்தக் கட்சி வேட்பாளருக்கு மத்திய அரசு நிதி 1.26 கோடி டாலர் வரவேண்டியிருந்தது. யார் வேட்பாளரோ அவர் கைக்குப் பணம். கட்சியிலோ உறுதியான கிளைகள் இல்லை, தலைவரைக் கேள்வி கேட்கும் வழக்கம் இல்லை. வெல்லக்கட்டியை மொய்க்கிற ஈ மாதிரி வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

1999 அக்டோபரில் பாட் புக்கானன் குடியரசுக் கட்சியை விட்டு வந்தார். வர்த்தக ஒப்பந்தங்களை எதிர்ப்பதில் அவரும் பெரோவும் ஒன்று. ஆனால் அவர் உயிராக நினைத்தது கருக்கலைப்பு எதிர்ப்பு, குடியேற்ற எதிர்ப்பு. சீர்திருத்தக் கட்சி வேண்டுமென்றே சமூக விவகாரங்களில் வாய் திறக்காமல், கடன், தேர்தல் நிதி, பதவிக்கால வரம்பு என்று மட்டும் பேசிவந்த கட்சி. அதனால்தான் இரண்டு பக்கத்து ஆட்களும் அதில் இருக்க முடிந்தது. புக்கானன் வந்ததும் அந்த உடன்பாடு போயிற்று.

இன்னொரு பக்கம் வென்டுரா அணி. அவர்கள் ஆதரவில் தேசியத் தலைவரான ஜாக் கார்கனை 2000 பிப்ரவரி 12 அன்று நாஷ்வில் கூட்டத்தில் நீக்கினார்கள். தள்ளுமுள்ளு ஆகி, போலீஸ் வந்தது, எல்லாம் டிவியில் ஓடியது. அதற்கு முந்தைய நாளே வென்டுரா வெளியேறிவிட்டார். ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் ஒரே நேரத்தில் இரண்டு மாநாடு. ஒன்றில் புக்கானன் வேட்பாளர், இன்னொன்றில் இயற்பியலாளர் ஜான் ஹேகலின். தேர்தல் ஆணையம் பணத்தைப் புக்கானனுக்குக் கொடுத்தது. அந்தப் பணத்தோடு அவர் வாங்கியது 0.4 சதவீதம், சுமார் 4.5 லட்சம் ஓட்டு. அடுத்த தேர்தலுக்கான நிதி உரிமை அதோடு போனது.

பெரோ? இவ்வளவு நடந்தபோதும் ஒதுங்கியே இருந்தார். நவம்பர் 2 அன்று அதே லாரி கிங் நிகழ்ச்சிக்கு வந்து இளைய புஷ்ஷை ஆதரித்தார். எட்டு வருடம் உழைத்த தொண்டர்களுக்கு அவர் ஒரு வார்த்தை முன்னமே சொல்லியிருக்கலாம். இரண்டு கட்சி ஆட்சிமுறையும் விவாத விதிகளும் இந்தக் கட்சியை நெருக்கியது நிஜம். ஆனால் கொன்றது அது இல்லை என்பதே என் கருத்து. லாமுக்கு 1996-இல் வழிவிட்டிருந்தால் 2000-இல் அந்தப் பணத்தைக் காக்க ஒரு கட்சி இருந்திருக்கும்.

கேள்வி: டிரம்ப்கூட அந்தக் கட்சியில் இருந்தாராமே?

ஆமாம். 1999 அக்டோபரில் சேர்ந்தார், அதிபர் வேட்பாளராக முயன்று பார்த்தார், 2000 பிப்ரவரியில் விலகினார். கட்சிக்குள் நடந்த சண்டையையும் அதில் சேர்ந்திருந்த ஆட்களையும் காரணம் காட்டினார். சில மாதக் கதை, அவ்வளவுதான்.

கேள்வி: 2000 அதிபர் தேர்தலில், ஃப்ளோரிடாவில் புக்கானனால்தான் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோர் தோற்றார் என்பது?

பாம் பீச் மாவட்டத்தில் பெயர்கள் இரண்டு பக்கமும், துளைகள் நடுவிலும் இருந்த வாக்குச்சீட்டு. அதில் புக்கானனுக்கு 3,407 ஓட்டு. அவற்றில் பல தனக்கு இல்லை, கோருக்குப் போட நினைத்தவை என்று அவரே சொன்னார். இளைய புஷ் மாநிலத்தை வென்றது 537 ஓட்டில். சீட்டின் வடிவமைப்புதான் குற்றவாளி.

கேள்வி: அப்படியானால் பெரோவுக்கு விழுந்த ஓட்டெல்லாம் வீண்தானா?

இல்லவே இல்லை. 1992-க்குப் பிறகு பற்றாக்குறையைப் பேசாமல் யாராலும் ஓட்டுக் கேட்க முடியவில்லை. 1994-இல் குடியரசுக் கட்சி பெரோ வாக்காளர்களைக் குறிவைத்தே சமநிலை பட்ஜெட், பதவிக்கால வரம்பு என்று வாக்குறுதி எழுதியது, அவர்களில் பெரும்பகுதி அந்தப் பக்கம் போனது. 1998-இல் மத்திய பட்ஜெட்டில் உபரி வந்தது. அதற்கு 1990, 1993 பட்ஜெட் சட்டங்களும் பொருளாதார வளர்ச்சியும் முக்கியக் காரணம். ஆனால் அந்தக் கசப்பு மருந்துக்கு ஜனங்களைத் தயார் செய்ததில் பெரோவின் குச்சிக்கும் வரைபட அட்டைக்கும் பங்கு உண்டு.

கேள்வி: கட்சி இப்போதும் இருக்கிறதா?

பெயரளவில் இருக்கிறது. 2004-இல் அதிபர் தேர்தலில் நின்ற ரால்ஃப் நேடருக்கு வாக்குச்சீட்டில் தன் இடத்தைக் கொடுத்தது. 2008-இல் அதன் அதிபர் வேட்பாளர் பெற்றது 481 ஓட்டு, மிசிசிப்பியில் மட்டும். 2024-இல் ராபர்ட் கென்னடி ஜூனியர் ஃப்ளோரிடா வாக்குச்சீட்டில் இடம்பிடிக்க அதன் வேட்பாளராக ஒப்புக்கொண்டார், ஆகஸ்டில் பிரசாரத்தை நிறுத்திவிட்டு டிரம்பை ஆதரித்தார். பெரோ 2019 ஜூலை 9 அன்று காலமானார்.