ஒரு ஸ்ட்ரிப் சுவிங்கம் எத்தனை நாளைக்கு வரும்?

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது. விடிய எழும்பி, தேத்தண்ணி குடிக்கும்போதே முதல் சிகரட். நாளைக்கு ஒரு பெட்டி முடியும். ஒருவழியாக விட்டுவிடச் சம்மதித்தார். ஹட்டனில் ஒரு பாமசியில் நிக்கோட்டின் சுவிங்கம், 2 மில்லிகிராம், ஒரு ஸ்ட்ரிப் வாங்கிக் கொடுத்தேன். மென்றால் விக்கலும் நெஞ்செரிவும். நாலாம் நாள் மறுபடி சிகரட்டுக்கே போய்விட்டார். மருந்து போலியா? 4 மில்லிகிராம் வாங்கிப் பார்க்கவா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் போலி என்று நினைக்கத் தோன்றவில்லை. விக்கலும் நெஞ்செரிவும் வேகமாக மென்றதால் வருபவை. கடையில் வாங்கும் சாதாரண சுவிங்கத்தைப் போல மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும். அங்கே போனால் எரிச்சல்தான், பலன் இல்லை. இது வாயின் உட்தோல் வழியாகத்தான் உடம்பில் சேர வேண்டும். மெதுவாக மெல்லச் சொல்லுங்கள். வாயில் மிளகு போலச் சுரீரென்று காரம் ஏறும்போது நிறுத்தி, புகையிலையை அடக்குவதுபோல் கடவாயில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி சிறிது மென்று, மறுபக்கம் ஒதுக்க வேண்டும். ஒன்றுக்கு அரை மணித்தியாலம் போகும். நம்மூர்ப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை!

கஷ்டம் தேத்தண்ணியில்தான் இருக்கிறது. சுவிங்கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து அதைத் துப்பும் வரை எதுவும் குடிக்கவோ சாப்பிடவோ கூடாது. தேத்தண்ணி, கோப்பி, சோடா, தேசிக்காய்த் தண்ணி எல்லாம் வாயின் புளிப்பைக் கூட்டும், நிக்கோட்டின் சேராது. அப்பா பிளேன்டீயோடு மென்றிருந்தால் பாதி மருந்து வீண்.

அளவுக்கு வருவோம். எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் முதல் சிகரட் பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம்தான் பொருத்தம். 2 அவருக்குப் போதாது. முதல் ஆறு வாரமும் மணிக்கோ இரண்டு மணிக்கோ ஒன்று என்று, நாளைக்கு ஒன்பதாவது தேவைப்படும். அதாவது பத்து உள்ள ஒரு ஸ்ட்ரிப் ஒரு நாளைக்குத்தான். நீங்கள் அதை மூன்று நாளைக்கு இழுத்திருக்கிறீர்கள். பிறகு மெல்ல மெல்லக் குறைத்து, மூன்று மாதத்தில் நிறுத்துவதுதான் வழமை. மிச்சம் பிடிக்க நினைத்துக் குறைத்துக் கொடுப்பதுதான் இதில் பெரிய நட்டம் என்பேன். மூன்று மாதச் செலவையும் சிகரட் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வெட்டிய ஸ்ட்ரிப்பை வாங்காதீர்கள். பெட்டியோடு, உள்ளே இருக்கும் தாளோடு வாங்குங்கள். காலாவதித் திகதியைப் பார்த்து, பில்லும் கேட்டு வாங்குங்கள். குறித்த விலைக்கு மேல் எடுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம்.

பாமசியில் அப்பாவின் கிளினிக் கொப்பியையும் காட்டுங்கள். அண்மையில் மாரடைப்போ பாரிசவாதமோ வந்திருந்தால், நெஞ்சு படபடப்புக்கு மருந்து எடுத்தால் டொக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. சிகரட் புகை சில மருந்துகளை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றும். புகை நின்றதும் அதே மாத்திரை உடம்பில் கூடுதலாகத் தங்கும். இழுப்புக்குக் கொடுக்கும் தியோபிலின் அப்படிப்பட்டது. அதை எடுப்பவர் சிகரட்டை விடப்போவதை முன்கூட்டியே கிளினிக்கில் சொல்ல வேண்டும். இன்சுலின் போடுபவர் சீனியை அடிக்கடி பார்க்க வேண்டும். வெற்றிலையோடு புகையிலையும் போடும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லட்டும். அதிலும் நிக்கோட்டின்தானே.

பொய்ப்பல் கட்டியவருக்குச் சுவிங்கம் ஒட்டிக்கொள்ளும். அவருக்குத் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச் நல்லது.

கேள்வி: கட்டாரில் இருக்கும் தம்பி நிக்கோட்டின் பேட்ச் அனுப்பியிருக்கிறான். 21 என்று போட்டிருக்கிறது. நான் நாளைக்கு ஆறேழு சிகரட்தான். பாதியாக வெட்டி ஒட்டலாமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: வெட்டவே வேண்டாம். மருந்து சீராக வராமல் போகலாம். 21 மில்லிகிராம் நாளைக்குப் பத்துக்கு மேல் பிடிப்பவருக்கானது. உங்களுக்கு 14இல் தொடங்கி 7க்கு இறங்கினால் போதும். வேறு யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாமல் பாமசியில் காட்டிக் கேளுங்கள்.

பேட்ச்சை ஈரமில்லாத, மயிரில்லாத தோலில் ஒட்டி உள்ளங்கையால் சற்று அழுத்திப் பிடியுங்கள். மேற்கை வசதியான இடம். தினமும் இடத்தை மாற்றுங்கள். தோல் சிவந்து லேசாக அரிப்பது சாதாரணம். ஒட்டியபின் மழையில் நனைந்தால் பயமில்லை. சூடுதான் ஆகாது. குளிருக்கு அடுப்படியில் குந்தியிருப்பதும், சுடுதண்ணீர்ப் போத்தலை அதன்மேல் வைப்பதும் மருந்தை ஒரேயடியாக உள்ளே இழுக்கும். தலைச்சுற்று, வாந்தி, குளிர்வியர்வை வந்தால் கழற்றிவிட்டு டொக்டரைப் பாருங்கள். இரவில் பயங்கரக் கனவு வந்தால் படுக்குமுன் கழற்றலாம்.

கழற்றிய பேட்ச்சில் இன்னும் மருந்து மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, பிள்ளைகள் எடுக்காத இடத்தில் போடுங்கள். லயத்து அறையில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். சின்னப் பிள்ளை வாயில் போட்டுவிட்டால் காத்திருக்காமல் 1990 அம்புலன்சுக்கு அழைத்து, பெட்டியையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பேட்ச்சோடு இடையில் ஒரு சிகரட் பிடித்துவிட்டால் மருந்தைத் தூக்கி எறிய வேண்டாம், தொடருங்கள். பேசி ஆலோசனை கேட்க மதுசாரம், புகையிலை தொடர்பான தேசிய அதிகார சபையின் 1948 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

கேள்வி: இதற்கெல்லாம் பதிலாக எலக்ட்ரோனிக் சிகரட் வாங்கினால் என்ன?
– வாசகர், நுவரெலியா

பதில்: இலங்கையில் அதை விற்பதற்கே தடை. ஒளித்து விற்பவரிடம் பில்லும் கிடைக்காது, உள்ளே எவ்வளவு நிக்கோட்டின் என்று கேட்டால் பதிலும் கிடைக்காது. அந்தக் காசுக்கு பேட்ச் வாங்குங்கள்.