கணவரின் வீசா மறுப்பு: மேன்முறையீட்டில் எதைக் காட்டுவது?

கேள்வி: நான் பிரித்தானியப் பிரஜை. மாணவர் வீசா முடிந்த பிறகும் இங்கே தங்கியிருந்த ஒருவரை மணந்தேன். எங்கள் மகளுக்கு நான்கு வயது, அவளும் பிரித்தானியப் பிரஜை. கணவரின் குடும்ப விண்ணப்பத்தை மறுத்த ஹோம் ஆபிஸ் (பிரித்தானிய உள்துறை அமைச்சு), நாங்கள் மூவரும் இலங்கையில் போய் வாழலாம் என்கிறது. கல்யாணப் படங்களும் உறவினர் கடிதங்களும் நிறைய இருக்கின்றன. மேன்முறையீட்டுக்கு இவை போதுமா?

பதில்: முதலில் திகதியைப் பாருங்கள், சகோதரி. நாட்டுக்குள் இருப்பவருக்கு, முடிவு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 14 நாட்கள்தான். கடிதம் கைக்குக் கிடைத்த நாள் கணக்கில்லை. தவறினால் காரணம் காட்டி அவகாசம் கேட்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். உள்நாட்டிலிருந்தே மேன்முறையீடு செய்யலாம் என்று கடிதத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், வழக்கு நிலுவையில் இருக்கும்வரை அவரை வெளியேற்ற முடியாது. அவராக நாட்டை விட்டுப் போனால் மட்டும் மேன்முறையீடு கைவிடப்பட்டதாகிவிடும். ஊரில் என்ன அவசரம் என்றாலும் சட்டத்தரணியைக் கேட்காமல் டிக்கெட் போட வேண்டாம்.

சரி, ஆதாரத்துக்கு வருவோம். படங்கள் போதாது. நீங்கள் மணந்ததை ஹோம் ஆபிஸ் மறுக்கவில்லையே. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு குடும்ப வாழ்க்கையை மதிக்கச் சொல்கிறது, உண்மைதான். ஆனால் வீசா இல்லாத காலத்தில் உருவான கணவன் மனைவி உறவுக்குக் குறைந்த எடையே கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டுக் குடியுரிமை, குடிவரவு, புகலிடச் சட்டத்தின் 117பி பிரிவு சொல்கிறது. கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் இதை மறைத்து நம்பிக்கை தர எனக்கு மனமில்லை.

உங்கள் பலம் மகள்தான். அதே பிரிவின் ஆறாவது உட்பிரிவின்படி, தகப்பனுக்கும் பிரித்தானியப் பிள்ளைக்கும் உண்மையான, நடைமுறையில் இருக்கும் பெற்றோர் உறவு இருந்து, பிள்ளை நாட்டை விட்டுப் போக வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமில்லை என்றால், அவரை வெளியேற்றுவது பொதுநலனுக்குத் தேவையில்லை. குற்றத்துக்காக நாடுகடத்தலுக்கு உள்ளாகும் ஒருவருக்கு இது பொருந்தாது. 'பிள்ளை தாயுடன் இங்கேயே இருப்பாள்தானே' என்று சொல்லி, அப்படி எதிர்பார்ப்பது நியாயமா என்ற கேள்வியை ஹோம் ஆபிஸ் தாண்டிப் போகவும் முடியாது. 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது.

ஆகவே அவர் அன்றாடம் தகப்பனாக இருப்பதைக் காட்டுங்கள். நர்சரியில் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் யார் என்று நர்சரியிடம் கடிதம் வாங்குங்கள். தடுப்பூசிக்கும் டொக்டரிடமும் யார் போனார் என்ற பதிவுகளைக் கேளுங்கள். மகளுக்குப் பேச்சுப் பயிற்சி, தொடர் சிகிச்சை ஏதும் இருந்தால் அந்த அறிக்கைகளை முதலில் வையுங்கள். நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் அவர்தான் பார்த்துக்கொள்கிறார் என்றால் வேலை அட்டவணையையும் சேருங்கள். ஒரே வாசகத்தில் எழுதிய இருபது உறவினர் கடிதங்களைவிட நர்சரி ஆசிரியர் எழுதும் ஒரு பக்கம் பெறுமதியானது. மறுப்புக்குப் பிறகு கிடைத்த ஆதாரங்களையும் நீதிபதி பார்க்கலாம்.

நீங்களும் வாக்குமூலம் எழுதி, விசாரணைக்கு நேரில் வாருங்கள். ஹோம் ஆபிஸ் தரப்பு குறுக்குக் கேள்வி கேட்கும். பாடமாக்கி வராமல், உங்கள் வீட்டில் ஒரு சாதாரண நாள் எப்படிப் போகிறது என்பதை அப்படியே சொல்லுங்கள்.